கவியரங்கும் பொது நூலகமும்



நூலகம் என்றதும் நம்முள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுவரிலே தொங்கும் 'அமைதி காக்க' என்னும் பலகையேயாகும். நூலகம் வாய் மூடியிருந்து கண்ணால் வாசிக்கும் இடம் என்று நாம் பழகிவிட்டோம். அவ்வாறான இடத்தில் கவிஞர்கள் கூடி உரத்த குரலில் தம் பாடல்களைப் பாடுவதும், கேட்டிருப்போர் 'மறுபடி, மறுபடி' என்று ஆரவாரிப்பதும் பொருந்துமோ என்று சிலர் வினவுகின்றனர். எங்கள் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் கவிதை வாசிப்பு அரங்கு ஒன்றைத் தொடங்கியபோது என்னிடமும் இவ்வினா விடுக்கப்பட்டது. அதற்கு விடை தேடப் புகுந்தபோது வரலாற்றின் பக்கமே திரும்ப வேண்டியதாயிற்று. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டு, இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

தமிழ் மக்களிடையே வாசித்தல் என்பது நெடுங்காலம் தனித்த ஒருவரின் செயலாக இருக்கவில்லை. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதே வழக்கமாக இருந்தது. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே தனி அதிகாரம் வகுத்திருப்பதை நாம் அறிவோம். கல்லாதவனும் கேட்டுப் பெறக்கூடிய செல்வம் ஒன்று உண்டு என்பது அவர் கருத்து. ஏட்டுச் சுவடி அருமையாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்த காலத்தில் அதுவே நடைமுறையுமாகும். புலவன் ஒருவன் இயற்றிய நூல் அவையினர் முன்னே வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்ட பின்னரே நூலாக மதிக்கப்பட்டது. இதனையே அரங்கேற்றம் என்றனர். கந்தபுராணம் காஞ்சியிலே குமரகோட்டத்தில் அரங்கேறியது என்றும், பெரியபுராணம் தில்லையிலே அரங்கேறியது என்றும் மரபு கூறும்.

இந்தக் கேட்கும் மரபு ஈழத்திலே, சிறப்பாக யாழ்ப்பாணத்திலே, புராண படனம் என்னும் வடிவத்தில் ஆழ வேரூன்றியது. கோயில் மண்டபத்திலே, குறித்த காலத்திலே, நாள்தோறும் மாலையில் இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் சொற்களைப் பிரித்துப் பயன் சொல்வார். 'வாசிப்பவர்', 'பயன் சொல்பவர்' என்னும் இரண்டு சொற்களும் எங்கள் ஊர்களில் இன்றும் வழக்கில் உள்ளன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களையுடைய கந்தபுராணம் இவ்வாறு ஆண்டுதோறும் ஊர்தோறும் படிக்கப்பட்டது. எழுத்தறியாத உழவனும் சூரபன்மன் போரை அடியடியாக அறிந்திருந்தான். யாழ்ப்பாணத்து வாழ்க்கையைக் 'கந்தபுராண கலாசாரம்' என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் பெயரிட்டழைத்தது இக்காரணம் பற்றியே.

இம்மரபு சைவர்க்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்புப் பகுதியிலே வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. முஸ்லிம் மக்களிடையே உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓதிப் பொருள் சொல்லும் வழக்கம் இருந்தது. கத்தோலிக்கர் தவக்காலத்திலே வியாகுலப் பிரசங்கத்தை உருக்கமான ஓசையோடு வாசிப்பர். சமயம் வேறாயினும் முறை ஒன்றே. ஊர் கூடியிருந்து செய்யுளைக் காதால் பெற்றுக்கொள்ளும் முறை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சியந்திரம் வந்தது, பாடசாலைகள் பெருகின. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். செய்யுளுக்குப் பயன் சொல்லுதலிலிருந்து, எடுத்த பொருளை உரைநடையில் விரித்துப் பேசுதல் என்னும் புதிய கலை அதன்வழிக் கோயில் மண்டபத்தில் இடம்பெற்றது. இவ்வாறு கேட்கும் மரபு வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை.

எனினும் இம்மரபின் பெருமையைப் பேசுமிடத்து அதன் குறையை மறைத்தல் ஆசிரியனாகிய எனக்கு அழகன்று. கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. எங்கள் ஊரிலே என் பாட்டனார் பயன் சொல்பவராக இருந்தார். என் தந்தையார் சிறுவராயிருந்த காலத்தில், 1940களில், நடந்ததாக அவர் பலமுறை கூறிய ஒன்று உண்டு. புராணம் படிக்கும் நாட்களிலே கோயில் மதிலுக்கு வெளியே வேலியோரத்தில் ஒரு தொழிலாளி நாள் தவறாது வந்து நிற்பாராம். சாதியின் பெயரால் அவருக்கு உள்ளே வர அனுமதியில்லை. ஒருநாள் காற்றிலே விளக்கு அணைந்து வாசிப்பவர் தடுமாறிய வேளையில், விட்ட அடியை மதிலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்ததாம். உள்ளே இருந்தோர் ஒருவரை ஒருவர் பார்த்தனர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு ஏற்றப்பட்டது, வாசிப்பும் தொடர்ந்தது. "அன்று என் ஐயா பயன் சொல்லும்போது அவர் குரல் வழக்கம்போல் இருக்கவில்லை" என்பார் என் தந்தையார். அந்தக் கோயிலின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அது எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடியதே. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே கோயிற் கதவுக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொள்க.

இந்தப் பின்னணியிலே வைத்து நோக்கினாற்றான் யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தின் தோற்றம் எத்துணைப் பெரிய நிகழ்ச்சி என்பது விளங்கும்.

1933ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே சில நூல்களை வைத்து அயலவர்க்கு இலவசமாக வாசிக்கக் கொடுத்தார். ஊர்ப் பெரியோர் சிலர் அவரோடு சேர்ந்தனர். குழு ஒன்று அமைந்தது. 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு தொடக்கத்திலே அது நகரசபையின் பொறுப்பில் வந்தது. நகரசபையின் பொறுப்பில் வந்தது என்பதன் கருத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கோயிலுக்கு உபயகாரர் உண்டு. தனியார் சங்கத்துக்கு அங்கத்தவர் உண்டு. வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்துக்கோ ஊர் முழுவதும் உரிமை உண்டு. இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்று சொல்ல அங்கே எவர்க்கும் அதிகாரமில்லை.

இக்காலத்திலேயே ஊர்கள்தோறும் வாசிகசாலைகள் எழுந்தன. அவற்றைத் தொடர்ந்து சனசமூக நிலையங்கள் வந்தன. கிடுகு வேய்ந்த சிறு கொட்டிலில் ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்குகள், நாள்தோறும் வரும் செய்தித்தாள்கள், அவ்வளவே வாசிகசாலை. அங்கேயும் ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். புராண படனத்தில் பழகிய காது செய்தித்தாளையும் அவ்வாறே பெற்றுக்கொண்டது. சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவிலே பட்டிமன்றமும் நாடகமும் கவியரங்கும் இடம்பெறலாயின.

யாழ் நகரிலே 844 நூல்களோடு தொடங்கிய நூலகம் ஓர் அறைக்குள் அடங்காது வளர்ந்தது. அதற்குப் பெருங்கட்டடம் ஒன்று எழுப்ப வேண்டும் என்னும் முயற்சி 1950களின் தொடக்கத்தில் உருவாயிற்று. அக்கால மாநகர முதல்வர் சாம் சபாபதி அவர்களும், சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளாரும் அதில் முன்னின்றனர். களியாட்ட விழா நடத்தியும் பணம் திரட்டப்பட்டது. இந்தியாவிலிருந்து நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசகராக வந்தார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சிற்ப மரபைத் தழுவிக் கட்டடத்தை வரைந்தார். நூல் என்பது பூட்டிக் காக்கும் பொருளன்று, பயன்படுத்தும் பொருள் என்பதை 1931இலேயே தம் நூலக விதிகளுள் முதலாவதாக வைத்தவர் இரங்கநாதன். அத்தகைய ஒருவரின் ஆலோசனையோடு எழுந்த நூலகம் 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் நாள் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. வாயிலிலே கலைமகள் சிலை வீற்றிருந்தது. 1967இல் சிறுவர் பகுதி ஏற்பட்டது. 1971இல் விரிவுரை மண்டபம் அமைந்தது.

விரிவுரை மண்டபம் அமைந்தது என்பதை நூலக வரலாற்றில் ஒரு சிறு செய்தியாக எண்ணிக் கடந்துவிடுதல் தகாது. நூல்களை அடுக்கி வைப்பதோடு நூலகத்தின் கடமை முடிந்துவிடவில்லை. நூலிலுள்ளது மக்கள் செவியிலும் ஏற வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டதாகும். கோயில் மண்டபத்தில் வளர்ந்த கேட்கும் மரபு, யாவரும் நுழையக்கூடிய ஒரு கூரையின் கீழ் வந்து சேர்ந்தது.

இனிக் கவியரங்கின் வளர்ச்சியை நோக்குவோம்.

கவியரங்கு என நாம் இன்று வழங்கும் நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே செல்வாக்குப் பெற்றது. தலைமைக் கவிஞர் ஒருவர் செய்யுளிலேயே அவையை வாழ்த்திப் பொருளை அறிமுகம் செய்வார். பின்னர் ஒவ்வொரு கவிஞரையும் செய்யுளாலேயே அழைப்பார். அவர்கள் பொதுத் தலைப்பின் ஒவ்வொரு கூறினைப் பாடுவர். நல்ல அடி வந்தவிடத்து அவையினர் மீண்டும் கேட்பர். புராண படனத்தில் பழைய நூல் ஒன்று வாசிக்கப்பட்டது. இங்கே இன்று எழுதியது இன்றே வாசிக்கப்படுகின்றது. அங்கே பயன் சொல்பவர் ஒருவர் இடைநின்றார்; இங்கே கேட்டவுடன் விளங்க வேண்டும். இந்த ஒரு தேவையே நம் நாட்டுக் கவிதையின் நடையை மாற்றிவிட்டது எனலாம்.

1943இலே யாழ்ப்பாணத்தில் தோன்றிய மறுமலர்ச்சிச் சங்கத்தின் எழுத்தாளர்கள் இம்மாற்றத்துக்கு வழி சமைத்தனர். 1955இல் வரதரும் மகாகவியும் சேர்ந்து கவிதைக்கென்றே 'தேன்மொழி' என்னும் இதழை வெளியிட்டனர். மகாகவி என்னும் புனைபெயரால் அறியப்பட்ட து. உருத்திரமூர்த்தி அவர்கள் 1927 முதல் 1971 வரை வாழ்ந்தவர். யாப்பைக் கைவிடாமலே, மனிதர் பேசும் ஓசையைச் செய்யுளுள் கொண்டுவந்தவர் அவர். சீர்களை வரிசையாக நிறுத்தும் பழைய முறையை விட்டு, பேச்சு நிற்குமிடத்திலே அடியை நிறுத்தி எழுதினார். இ. முருகையன் அவர்களும், கிழக்கிலே நீலாவணன் அவர்களும் அவ்வழியே நின்று கவியரங்குகளுக்கு உயிரூட்டினர். கண்ணால் வாசிக்கும்போது புலப்படாத நயம் அவர்கள் பாடல்களை வாய்விட்டு வாசிக்கும்போது புலப்படும். கேட்போரை மனத்திற் கொண்டு எழுதியதன் விளைவு அது. மகாகவியின் 'கோடை', 'புதியதொரு வீடு' முதலான பாநாடகங்கள் மேடையிலே பேச்சுப்போல ஒலித்ததற்கும் இதுவே காரணம்.

இப்பணியில் வானொலியின் பங்கும் சிறிதன்று. கவியரங்கு ஒலிபரப்பாகும் நாட்களில் ஊரிலே வானொலிப் பெட்டி உள்ள வீட்டின் முற்றம் நிறைந்துவிடும் என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றேன். மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார் என்று அலைவரிசை கேட்பதில்லை. எழுத்தறியாதவர் வீட்டிலும் கவிஞனின் குரல் சென்று ஒலித்தது.

இவ்வாறு வளர்ந்து வந்த வேளையிலே பேரிடி ஒன்று விழுந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கிய வன்முறையின்போது, ஜூன் 1ஆம் நாளை ஒட்டிய இரவிலே, யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. சட்டத்தைக் காக்கும் பொருட்டு அனுப்பப்பட்ட சீருடையினரே அக்கொடுமையில் பங்குகொண்டனர் என்பது வரலாற்றில் பதிந்துவிட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. பன்மொழிப் புலவராகிய தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலே உயிர் நீத்தார். நெடுங்காலத்தின் பின்னர், 2016ஆம் ஆண்டு டிசம்பரில், அந்நாட் பிரதமர் நாடாளுமன்றத்திலே இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அப்பொழுது நான் பதினொரு வயதுச் சிறுவன். சிறுவர் பகுதியிலே எடுத்த படக்கதைப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டிலே தங்கிவிட்டிருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் அதன் முதற்பக்கத்தில் குறிக்கப்பட்டிருந்தது. சில நாட்கள் சென்றபின் தந்தையார் என்னை ஈருருளியில் ஏற்றிச் சென்று தூரத்திலிருந்து கரிந்த சுவர்களைக் காட்டினார். "இந்தப் புத்தகத்தை இனி யாரிட்டைக் குடுக்கிறது, ஐயா?" என்று நான் கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

அத்தீயின் பின்னர் என் மனத்தில் எழுந்து நெடுங்காலம் நிலைத்திருந்த எண்ணம் ஒன்றை இங்கு கூறுதல் வேண்டும். கந்தபுராணம் எரியவில்லை. அதன் படிகள் ஊர்தோறும் இருந்தன. அதன் அடிகள் பலர் நாவிலே இருந்தன. சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு எரியவில்லை. பாடசாலைப் பிள்ளைகள் அனைவர்க்கும் அது மனப்பாடம். எரிந்துபோய் மீளாதன எவை? ஒரேயொரு படியாக, ஒருவரும் எடுத்து வாசியாமல், அலுமாரியில் இருந்தவையே. அவற்றைக் காத்து வைத்தோர் மீது குறை கூற நான் இதனைச் சொல்லவில்லை. குற்றம் தீ வைத்தோருடையதே. ஆனால் பலர் வாயிலும் செவியிலும் ஏறிய சொல்லை ஒரே இரவில் அழித்தல் அரிது என்பதை நாம் அறிந்துகொண்டோம். காத்தலும் வேண்டும், ஓதுதலும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நூலகம் எரிந்தபோது கவிஞர்களின் நா அடங்கிவிடவில்லை. எம். ஏ. நுஃமான் அவர்கள் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதை அவ்வாண்டிலேயே பிறந்தது. பின்னர் பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. கல்முனையில் பிறந்த முஸ்லிம் கவிஞர் ஒருவர் யாழ்ப்பாணத்து நூலகத்துக்காக அழுததை நான் மாணவர்க்கு எப்போதும் எடுத்துச் சொல்வதுண்டு. 1980களில் கவிதைகளைப் பலர் சேர்ந்து குரலும் அசைவும் கலந்து நிகழ்த்திக் காட்டும் கவிதா நிகழ்வு என்னும் புதிய வடிவமும் யாழ்ப்பாணத்திலே தோன்றியது. 1985இல் 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் தொகுதி வந்தது. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண் கவிஞர்களின் தொகுதியை வெளியிட்டது. அதுவரை அரங்கிலே பெரும்பாலும் கேட்பவராயிருந்த பெண்கள், சொல்பவராகவும் வந்தமைக்கு அது சான்று. முன்னொரு காலத்தில் மதிலுக்கு வெளியே நின்றோர் ஒருசாரார் என்றால், மண்டபத்தினுள்ளே இருந்தும் வாய் திறக்க இடம்பெறாதோர் மற்றொரு சாரார் என்பதை அத்தொகுதி நமக்கு உணர்த்திற்று.

தலைநகரிலும் இம்மரபு வாழ்ந்தது. கொழும்பிலே வலம்புரி கவிதா வட்டம் முழுமதி நாட்களில் நடத்திய கவியரங்குகளில் பெயர் பெற்றோரும் புதியோரும் ஒரே மேடையில் நின்றனர். பாடசாலை மாணவனும் கடைச் சிப்பந்தியும் தம் கவிதையை வாசிக்க இடம் கிடைத்தது. அழைக்கப்பட்டோர் மட்டுமன்றி விரும்பி வந்தோரும் வாசிக்கலாம் என்னும் இம்முறையையே இன்று திறந்த அரங்கு என்கின்றோம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1984ஆம் ஆண்டு ஜூனில் ஒரு பகுதி திருத்தப்பட்டுத் திறக்கப்பட்டது. போர் அதனை மீண்டும் சிதைத்தது. பின்னர் முழுமையாகப் புனரமைக்கப்பட்டு 2003இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி யாவரும் எங்கிருந்தும் வாசிக்க வழி செய்துள்ளது. ஒரே படியாக ஒரே அலுமாரியில் இருக்கும் ஆபத்து அதனால் பெரிதும் குறைந்தது.

இனித் தொடக்கத்திலே கூறிய எங்கள் ஊர் நூலகத்துக்கு வருகின்றேன். பிரதேச சபையின் சிறு நூலகம் அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையிலே கவிதை வாசிப்பு நடத்துவதென்று தீர்மானித்தபோது, ஒழுங்குக்காக ஒரு விதி செய்தோம். வாசிக்க விரும்புவோர் தம் கவிதையை எழுதி ஒரு கிழமைக்கு முன்னரே குழுவினரிடம் கொடுக்க வேண்டும் என்பது அவ்விதி. அதை இயற்றியவன் நானே. பிழையான கவிதைகள் அரங்கேறிவிடலாகாது என்று ஆசிரியனுக்குரிய அச்சம் எனக்கு இருந்தது.

முதல் மாத அரங்கிலே கடைசி வாங்கில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்தவர் என்று எண்ணினேன். நிகழ்ச்சி முடியும் தறுவாயில் அவர் எழுந்து, "தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது. நாத்து நடேக்கை எங்கட ஆச்சிமார் படிச்ச பாட்டு ஒண்டு தெரியும். சொல்லலாமோ?" என்று கேட்டார். நான் விதியை எடுத்துரைத்து, அடுத்த முறை யாரையேனும் கொண்டு எழுதுவித்து வரும்படி பணிவாகச் சொன்னேன். "சரி தம்பி" என்று அவர் போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காற்றிலே விளக்கு அணைந்த இரவும், மதிலுக்கு வெளியிலிருந்து வந்த குரலும் நினைவுக்கு வந்தன. பாட்டனார் காலத்து மதிலைப் பற்றிப் பாடசாலையிலே குறை கூறிப் பேசும் நான், கையெழுத்துப் படி என்னும் இன்னொரு மதிலை நூலகத்தினுள்ளே எழுப்பிவிட்டேன் அல்லவா? அடுத்த கூட்டத்திலே அவ்விதியை நீக்கினோம். மூதாட்டிக்குச் சொல்லியனுப்பினோம், உடனே அவர் வரவில்லை. நானே நேரிற் சென்று வருந்தி அழைத்த பின்னரே வந்தார். இரண்டு மாத அரங்குகளில் ஏழு பாடல்களைப் பாடினார். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அவற்றை ஒரு கொப்பியில் எழுதினாள். மூன்றாம் மாதம் அவர் நோய்வாய்ப்பட்டார். பின்னர் அரங்குக்கு வரவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் காலமானார். அந்தக் கொப்பி இப்போது நூலகத்திலே பதிவெண் இடப்பட்டு இருக்கின்றது. அதன் இன்னொரு படி எங்கள் பாடசாலையில் இருக்கின்றது. முதல் மாதத்திலே அவர் பாட எண்ணியிருந்த பாடல் அந்த ஏழினுள் ஒன்றுதானா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன்.

ஆகவே, நேயர்களே, நூலகத்திலே கவிதையை உரத்து வாசித்தல் பொருந்துமோ என்னும் வினாவுக்கு என் விடை இதுவேயாகும். வாசிப்பு மண்டபத்திலே அமைதி வேண்டும். அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும் அதே கூரையின் கீழ் ஒரு மூலையிலாவது, மாதத்தில் ஒரு மாலையிலாவது, குரலுக்கும் இடம் வேண்டும். அந்த இடம் கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும், எழுதியவர்க்கும் எழுதாதவர்க்கும் ஒப்பத் திறந்திருத்தல் வேண்டும். வருவனவெல்லாம் சிறந்த கவிதையாயிரா. அதனைக் கேட்போர் தீர்த்துக்கொள்வர். பழைய அவையினரும் அவ்வாறே தீர்த்தனர். வாயிலில் நின்று தடுக்கும் வேலை நமக்கு உரியதன்று.

உங்கள் ஊரிலும் ஒரு நூலகமோ சனசமூக நிலையமோ இருக்கும். அங்கே சில வாங்குகள் மாலை வேளையில் வெறுமையாய்க் கிடக்கும். எழுத்தறியாத ஆச்சி ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருப்பார். அவரை ஒருநாள் அழைத்துச் சென்று அமர்த்திப் பாடச் சொல்லுங்கள். பாடுவதை ஒருவர் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை இரண்டு படிகளாக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.